நெட்டா கெடிஸின் திங்கட்கிழமைத் துணி

எங்கள் பக்கத்து வீட்டு நெட்டா கெடிஸுக்குப் பெயரில் மட்டும்தான் நெட்டை. நிமிர்ந்து நின்றாலும் ஐந்தடியைத் தொட மாட்டார். கிர்க்மோரன் பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் கரண்டி பிடித்தவர். இன்றைக்கு இந்த ஊரில் வங்கி மேலாளராகவும் கவுன்சிலராகவும் இருப்பவர்களில் யார் யார் கேரட்டை மேஜைக்கு அடியில் ஒட்டியவர்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் யாரும் அவரிடம் குரலை உயர்த்துவதில்லை.

அவருக்குக் கோல்ஃப் பிடிக்காது. கடலையும் கோல்ஃப் மைதானத்தையும் கழித்தால் எங்கள் ஊரில் மிஞ்சுவது ஒரு தேவாலயமும் இரண்டு மதுக்கடைகளும்தான். அப்படிப்பட்ட ஸ்காட்லாந்து ஊரில் பிறந்துவிட்டு, "இத்துனூண்டு பந்து, இத்துனூண்டு குழி. எங்க வீட்டுப் பூனைக்கே இதைவிடப் பெரிய ஆசையெல்லாம் இருக்கு" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

பதினேழாவது குழிக்குப் போகும் புல்வெளியின் வலது ஓரத்தில், மணல்மேட்டுக்கு முன்னால், இரண்டு இரும்புக் கம்பங்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே கட்டியிருப்பது நெட்டாவின் துணிக்கொடி. எங்கள் தெருவில் ஆறு வீடுகளுக்கு அங்கே துணி உலர்த்தும் உரிமை உண்டு என்று ஒரு பழைய பட்டயம் சொல்கிறது. கோல்ஃப் கிளப் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. ஆனால் பட்டயத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. மழையில்லாத ஒரே ஒரு திங்கட்கிழமை கொடி காலியாகக் கிடந்தாலும் அந்த வீட்டின் உரிமை அன்றோடு போயிற்று.

ஐந்து வீடுகள் அப்படித்தான் இழந்தன. ஒரு வீடு அபர்டீனில் நடந்த கல்யாணத்துக்குப் போய்த் திங்கள்வரை தங்கியபோது இழந்தது. இன்னொரு வீடு அதே கல்யாணத்தில் குடித்த விஸ்கி மறுநாளும் தெளியாததால் இழந்தது. எங்கள் வீடு, என் அம்மா உலர்த்தும் இயந்திரம் வாங்கிய வாரம் இழந்தது. மிச்சம் நெட்டா ஒருவர்தான். அவருடைய கொடியும் போய்விட்டால் அந்த இடத்தில், நின்று முதல் பந்தை அடிக்கப் புதிய அடிமேடை கட்டுவது என்று கிளப் வரைபடமே போட்டு வைத்திருந்தது. அங்கிருந்து அடித்தால் பந்து எங்கள் கூரைகளுக்கு மேலாகத்தான் பறக்க வேண்டும்.

போன வருடம் ஓபன் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. கோல்ஃபில் அதைவிடப் பழைய பட்டம் கிடையாது. கிளப் செயலாளர் ரனால்ட் பிட்கெய்ர்ன் மே மாதமே நெட்டாவின் கதவைத் தட்டினார். போட்டி வியாழன் முதல் ஞாயிறு வரை. அந்த நாலு நாளும் கொடியில் எதுவும் தொங்காது, திங்கள் வழக்கம்போல அவருடையது என்று இருவரும் கைகுலுக்கினார்கள்.

நெட்டா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காற்றுதான் காப்பாற்றவில்லை. சனிக்கிழமை அடித்த புயலில், நிறுத்தி வைத்த பந்து தானாகவே உருண்டு மணற்குழிக்குள் போயிற்று. ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஞாயிறன்று விட்ட ஆட்டத்தை முடித்துவிட்டு, கடைசிச் சுற்றைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினார்கள்.

ஞாயிறு மத்தியானம் ரனால்ட் மறுபடி வந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மிசஸ் கெடிஸ், நாளைக்கு ஒரு நாள் மட்டும்…"

"டேய் ரனால்ட், நாளைக்கு என்ன கிழமை?"

"தெரியும். ஆனா உலகமே டிவில பாக்குது."

"பாக்கட்டும். எல்லாம் தொவைச்ச துணிதான்."

"ஒரு கைக்குட்டை மட்டும் போடுங்களேன். கொடி காலின்னு யாரும் சொல்ல முடியாது."

"இன்னைக்குக் கைக்குட்டைன்னு சொல்லுவ. அடுத்த தடவை நூலு ஒண்ணு போதும்னுவ. சின்ன வயசுல கஸ்டர்ட் வாங்க வந்தப்பவும் நீ இப்படித்தான். ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூன்னு கேட்டே சட்டியைக் காலி பண்ணுவ."

ரனால்டின் காது சிவந்தது. "மழை வந்தா பிரச்சினையே இல்ல" என்றார்.

"வேண்டிக்கோ" என்றார் நெட்டா.

வாரம் முழுவதும் வெயில் வேண்டிய ரனால்ட், அன்று இரவு தூறலாவது விழாதா என்று பார்த்திருப்பார். திங்கட்கிழமை விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எங்களுக்கு வருடத்துக்கு நாலு நாள் அப்படி வாய்க்கும். அதில் ஒன்று அன்றைக்கு.

ஒன்பது மணிக்கு நெட்டா கூடையோடு போனார். காவலுக்கு நின்ற பையன்கள் அவர் சமைத்ததைத் தின்று வளர்ந்தவர்கள். கயிற்றைத் தூக்கி வழிவிட்டார்கள். இரண்டு போர்வை, நாலு தலையணை உறை, கடைசியில் அவர் கணவர் டூகலின் கம்பளி டிராயர். கணுக்கால்வரை நீளும், கணுக்காலில் எலாஸ்டிக் இறுக்கும் டிராயர் அது. நெட்டா இடுப்பின் ஒரு பக்கத்தைத்தான் கிளிப் போட்டு மாட்டினார். மறுபக்கம் காற்றில் வாயைப் பிளந்துகொண்டு ஆடியது.

மாலை நாலு மணிக்கு யெஸ்பர் லுண்ட் என்ற டென்மார்க் இளைஞர், முன்னணியில் இருந்தவருக்குச் சமமாகப் பதினேழாவதுக்கு வந்தார். மட்டையை ஓங்கி அடித்தார். பந்து வலது பக்கம் வளைந்தது. அது கடற்கரைக்குப் போனால் எல்லைக்கு வெளியே, அதோடு கதை முடிந்தது. போகவில்லை. டூகலின் டிராயருக்குள் விழுந்து, இடது கால் வழியாக இறங்கி, எலாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டு தொங்கியது. கூட்டம் கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை. அப்புறம் மூச்சு விட முடியாமல் சிரித்தது.

வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த டூகல் எங்கள் சுவரைத் தட்டினார். "அது என்னோடதா?"

"உங்களோடதுதான் டூகல்" என்று கத்திவிட்டு நான் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நடுவர் அம்மா விதிப்புத்தகத்தோடு கொடிக்கு முன்னால் நின்றார். ரனால்ட் கிளிப்பைப் பிடுங்கக் கையை நீட்டியிருந்தார்.

"கையை எடு" என்றார் நெட்டா. "ஈரம் காயுற வரைக்கும் கொடியில இருக்கிற துணியை யாரும் எறக்கக் கூடாது. பட்டயத்துல இருக்கு."

நடுவர் ரனால்டைப் பார்த்தார். "அப்படி ஒரு பட்டயம் நெஜமாவே இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாரிடமும் பட்டயம் இல்லை. அது நகராட்சிப் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் ரனால்ட் பத்து வயதிலிருந்து கோல்ஃப் ஆடுபவர். எங்கள் ஊர்க் கோல்ஃப்காரர்கள் மனைவியிடம் பொய் சொல்வார்கள், பாதிரியாரிடம் சொல்வார்கள், வரி அதிகாரியிடம் சொல்வார்கள். விதிப்புத்தகத்தைக் கையில் பிடித்திருப்பவரிடம் மட்டும் அவர்களுக்குப் பொய் வராது. நாக்கு அந்தப் பக்கம் திரும்பாது.

"இருக்கு" என்றார், ஷூவைப் பார்த்துக்கொண்டு.

"துணி இன்னும் ஈரமா?"

நடுவரே தொட்டுப் பார்த்தார். அந்தத் தடித்த கம்பளி வெயிலிலும் காய இரண்டு நாள் எடுக்கும்; இன்னும் சொதசொதவென்று இருந்தது.

"அப்ப இதை நகர்த்த முடியாத தடைன்னுதான் நான் எடுத்துக்கணும். கட்டடம், சுவர் மாதிரி. தண்டனை இல்லாம பக்கத்துல பந்தைப் போட்டு ஆடலாம்."

வீரர் அனுமதித்தால் பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். அந்த டிராயருக்குள் கைவிட யெஸ்பருக்கு விருப்பமில்லை. நெட்டாவே எடுத்து, ஏப்ரனில் துடைத்துக் கொடுத்தார். "நல்லா சாப்பிடு தம்பி, எலும்பா இருக்க" என்றார்.

பிறகு நடுவர் பக்கம் திரும்பினார். "இப்ப சொன்னீங்களே, நகர்த்த முடியாததுன்னு. அதை எழுதித் தருவீங்களா?"

"எப்படியும் எழுதித்தான் ஆகணும். கிளப் சார்பா இவரும் கையெழுத்துப் போடணும்."

ரனால்ட் பேனாவை ரொம்ப நேரம் தேடினார். அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

யெஸ்பர் கடைசிக் குழியில் பந்தை உள்ளே தள்ள மூன்று தடவை தட்டி, ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தது யார் என்று எங்கள் தெருவில் கேட்டால் இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வார்கள். இந்த வசந்தத்தில் கிளப் மறுபடி அடிமேடை வரைபடத்தை எடுத்தபோது, அவர்களுடைய வக்கீலே நடுவர் எழுதிய காகிதத்தைக் காட்டி வரைபடத்தைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டார். கெடிஸ் வீட்டுத் துணி நகர்த்த முடியாதது என்று கிளப்பே கையெழுத்துப் போட்டிருக்கிறது, இனி எந்த முகத்தோடு வழக்காடுவது என்றாராம்.

போன திங்கட்கிழமை மழையில்லை. நெட்டா கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். ரனால்ட் நாயோடு அந்த வழியாக வந்து, டிராயர் முன்னால் நின்றார்.

"காஞ்சிருச்சா மிசஸ் கெடிஸ்?"

"தொட்டுப் பாரேன், ரனால்ட்."

அவர் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். நாய்க்கயிறு அவர் பையிலிருந்து நீண்டு நாயை இழுத்துக்கொண்டு போயிற்று.