இருபது மில்லி ஆம்பியர்

போன வாரம், சுரண்டையில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் கொழுந்தனார் கட்டைவிரல் அளவில் ஒரு நீலப் பெட்டியைக் காட்டினார். எடைமேடை பேசும் விதம் வேறு, கம்ப்யூட்டருக்குப் புரியும் விதம் வேறு. நடுவே இதைச் செருகினால் போதுமாம். பழக்கதோஷத்தில் அதை மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் பிளாஸ்டிக் வாசனை.

"என்ன மதினி, மோந்து பாக்கிய?" என்று சிரித்தார்.

இதே வேலைக்கு நான் செய்த பெட்டி டால்டா டப்பா அளவு இருக்கும். ஈயம் உருகிய புகை வாசனை அதைவிட்டு மாதக்கணக்கில் போகாது.

அது எண்பதுகளின் பிற்பகுதி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு நூற்பாலை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து அங்கே பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த ஒரே பெண் நான். முதல் மாதம் முழுக்க என்னை டைப்பிஸ்ட் என்று நினைத்துக் கடிதங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டொன்றை அடித்தும் கொடுத்தேன், நிறையப் பிழைகளோடு.

அந்தச் சாரல் காலத்தில், எவ்வளவு நூல் ஓடியது என்று எண்ணும் மின்னணுப் பெட்டிகள் மிஷின்களுக்கு வந்தன. ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே நானூறு மீட்டர். பெட்டியிலிருந்து வரும் சேதியோ பதினைந்து மீட்டர் தாண்டினாலே தடுமாறும் வகை. பெட்டிகளை விற்ற மெட்ராஸ் கம்பெனியிலிருந்து வந்தவர் கையை விரித்துவிட்டார். "சனிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா எல்லாத்தையும் திருப்பி அனுப்பிருவோம்" என்றார் மானேஜர்.

"நான் செஞ்சு தாரேன் சார்" என்று என் வாய் சொன்னது. மேசையைச் சுற்றியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

விஷயம் இவ்வளவுதான். மின்னழுத்தம் தூரம் போகப் போகக் குறையும். ஆனால் போய்த் திரும்பும் ஒரு கம்பி வளையத்தில் இருபது மில்லி ஆம்பியர் ஓடவிட்டால், எங்கே அளந்தாலும் அதே இருபது. அதை விட்டுவிட்டு ஓட வைத்தால் சேதி போய்ச் சேர்ந்துவிடும். மாற்றி அனுப்ப ஒரு பெட்டி, திரும்ப மாற்ற ஒரு பெட்டி. கம்பிதான் இல்லை. ஆலையின் டெலிபோன் போர்டைப் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லாவிடம் போனேன். பக்கத்துப் பண்பொழிக்காரி, என் வயதுதான்.

"போன் கேபிள்ல ரெண்டு கம்பி சும்மாதான் கெடக்கு. எடுத்துக்கோட்டி" என்றாள்.

வெள்ளிக்கிழமை இணைத்தேன். திரையில் ஒரே கிறுக்கல். மானேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும், மிஷினருகே அனுப்பும் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்த ஸ்டெல்லா, அதிலிருந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மிஷின் ஒண்ணும் சொல்லாதப்ப இது எரியணுமா, அணைஞ்சிருக்கணுமா?"

"அணைஞ்சிருக்கணும். ஒன் போர்டுல மாதிரி..."

பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் போர்டில் யாராவது கூப்பிட்டால்தான் விளக்கு எரியும். என் வளையத்திலோ பேச்சில்லாத நேரத்தில்தான் ஓட்டம் இருக்க வேண்டும். முழுப் பெட்டியையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்! கூடுதலாக ஒரு டிரான்சிஸ்டரைப் பற்றவைத்தேன். விளக்கு எரிந்தது. டீ ஆறிப் போயிருந்தது.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து மிஷின் நின்றதும், ஸ்டெல்லா அங்கிருந்து பெட்டி காட்டிய எண்ணைப் போனில் வாசித்தாள். "நாலு, ஒண்ணு, ஏழு, ஆறு." ஆபீசில் என் முன்னாலிருந்த திரையிலும் நாலு, ஒண்ணு, ஏழு, ஆறு. மானேஜர் ரிசீவரை வாங்கி, "யம்மா, இன்னொரு தடவ சொல்லு" என்றார். மறுபடியும் அதே எண். உடனே மெட்ராஸுக்கு டிரங்க் கால் போடச் சொன்னார். "எங்க இஞ்சினியரம்மா செஞ்சிட்டாங்க" என்று அவர் உரக்கச் சொன்னது பக்கத்து அறை வரை கேட்டது. நான் வெறும் டெக்னீஷியன். திருத்தவில்லை. இன்று வரை திருத்தவில்லை.

ஆலை மூடி வருஷங்கள் ஆகின்றன. மிஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. கேபிளைச் செம்புக்காகத் தோண்டி எடுத்தார்கள். இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள். என் இரண்டு பெட்டிகளும் எங்கெங்கே இருந்தன என்று பஸ்ஸில் போகும்போதே என்னால் காட்ட முடியும். ஒருமுறை பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அங்கன ஒரு சென்ட் எடம் என்ன வெலைக்குப் போவுது?" என்றாள்.