பெருமாள்மலையில் இறங்கிய அப்பா

எழுபதுகளின் கடைசியில் அப்பா கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளிக்கு ஹாக்கி கோச்சாக இருந்தார். நானும் அங்கேதான் படித்தேன். திண்டுக்கல்லில் நடக்கும் இறுதிப் போட்டியில் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த அணி அது. நான்காவது வருடம், எட்டு வயதுக்காரியான என்னையும் கூட்டிப்போனார். நான் வந்தால் ராசி என்று அம்மா சொல்லியிருந்தாள். கடைசி நிமிடத்தில் எங்கள் பக்கம் ஒரு கோல் விழுந்து அந்த ராசியும் பொய்யானது.

திரும்பும் பஸ்ஸில், கோல் கீப்பராக நின்ற வில்பட்டி அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“ஏத்தா, அந்தப் பந்து பத்துப் பேரத் தாண்டித்தான உங்கிட்ட வந்துச்சு? நீ மட்டும் எதுக்கு அழுகுற?”

அழுகையோடு அவள் சிரித்துவிட்டாள். பிறகு அப்பா எல்லோரையும் பாடவைத்து, தகரப்பெட்டியில் தாளம் போட்டார். ஜெயித்த அணிகூட அவ்வளவு கும்மாளமாக மலையேறியிருக்காது.

கொடைக்கானலுக்குச் சற்று முன்னே, பெருமாள்மலை வந்ததும், “இங்க ஒரு சோலி கெடக்கு” என்று என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அப்போதுதான் பஸ்ஸில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

சோலி ஒன்றும் இல்லை. பஸ் வளைவில் மறைந்ததும் அப்பா ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். கைகள் நடுங்கின. முழங்கால்களுக்கு நடுவே அவற்றை இடுக்கிக்கொண்டார். வெகுதூரம் ஓடிவந்தவரைப்போல் மூச்சு இரைத்தது.

“குளுருதாப்பா?”

“ஆமாத்தா. செத்த நேரம் கழிச்சுப் போவோம். இத யார்ட்டயும் சொல்லிறாத.”

என் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் கைகள்மேல் போட்டேன். அந்த நடுக்கம் அடங்குவதற்குள் இரண்டு பஸ்கள் போய்விட்டன.

திங்கட்கிழமை வகுப்பில், அப்பாவுக்கே ஸ்வெட்டர் போர்த்திவிட்ட பெருமையைச் சொன்னேன். அது டீச்சர் காதுக்குப் போய், அங்கிருந்து மேலிடத்துக்கும் போனது. “இவரே நடுங்குனா பிள்ளைங்களுக்கு என்னத்த தைரியம் சொல்லுவாரு?” என்று கேட்டார்களாம். அடுத்த வருடம் வேறு கோச் வந்தார். அப்பாவைப் பள்ளி லைப்ரரியில் உட்காரவைத்தார்கள். உள்ளே குளிராது, இனி அவருக்கு நடுக்கம் வராது என்று நான் நிம்மதியடைந்தேன்.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வில்பட்டி அக்கா மட்டும் தினமும் மதியம் லைப்ரரிக்கு வருவாள். “சாப்பிட்டீங்களா சார்?” என்பாள். அவர் தலையாட்டும்வரை நின்றுவிட்டுப் போவாள். ஒரு புத்தகமும் எடுக்காதவளுக்கு லைப்ரரியில் என்ன வேலை என்று நான் நினைத்துக்கொள்வேன்.