வழி கேட்காத சகாதேவன்

என் அக்கா மணியம்மாளின் கணவர் சகாதேவனுக்கு, அடுத்தவரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்றால் சட்டையில் சேறு பட்ட மாதிரி. திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஜனங்கள்தான் அவரிடம் கேட்டார்கள். மனுவை எங்கே கொடுப்பது, யாரைப் பார்ப்பது என்று கிராமத்திலிருந்து வந்து நிற்பவர்களுக்கு அவர் வாய் திறந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. முகவாயால் சுவரைக் காட்டுவார். சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். நிற்பவருக்குப் படிக்கத் தெரியுமா என்பது அவர் கவலை இல்லை. கேட்கிறவன் கீழே, கேட்கப்படுகிறவன் மேலே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் கார் வாங்கினார். ஆனால் மனிதருக்கு ரோடு தெரியாது. ஆபீஸ் ஜீப்பில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே வந்தவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை அவலூர்பேட்டைக்குக் கிளம்பி வேட்டவலத்தில் போய் நின்றார். அங்கே வேலை இருந்தது என்று வீட்டில் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் பெங்களூரில் இருக்கும் மகள் ஆர்த்தி, தான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழைய டேப்லெட்டை அப்பாவிடம் விட்டுப் போனாள். அதற்கென்று ஒரு ஸ்டாண்டு வாங்கி டேஷ்போர்டின் நடுவில் பொருத்தினார். தாம்பாளம் அளவுக்கு இருந்தது. அங்கே இருந்த பிள்ளையார் இடைஞ்சலாக இருக்கிறார் என்று அவரைப் பெயர்த்து வண்டிப் பேப்பர்களோடு உள்ளே போட்டு மூடினார். கண்ணாடியில் இடது பக்கம் பாதி மறைந்துபோனது. அதைப் பற்றிச் சொன்னதற்கு, "பாக்கத்தான் அது இருக்குதே" என்றார். தமிழில் வழி சொல்லும்படியும் வைத்துக்கொள்ளலாம். அவர் மாட்டேன் என்றார். தமிழில் பேசினால் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். ஓர் இங்கிலீஷ்காரி குரலை வைத்துக்கொண்டார். அவள் திரும்பச் சொன்னால் இவர் "யெஸ்" என்பார். என் அக்காவின் எந்தப் பேச்சுக்கும் அவர் அப்படிப் பதில் சொன்னது கிடையாது.

ஒரு பௌர்ணமி அன்று செங்கம் ரோட்டில் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிரிவலம் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. இவர் கண்ணாடியை இறக்கி, நேராகப் போகச் சொல்கிறது பாருங்கள் என்று கான்ஸ்டபிளிடம் டேப்லெட்டைக் காட்டினார். அவர் குனிந்து அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பின்னால் நின்ற வண்டியைக் கவனிக்கப் போய்விட்டார். அப்படி ஒரு பார்வையை யாராவது என் மேல் வீசியிருந்தால் நான் அன்றைக்கே காரை விற்றிருப்பேன். இவர், "படிக்காத பசங்கள வேலைக்கு எடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

அவருக்கு ஒரே அக்கா, எல்லம்மாள். தண்டராம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஆலப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. வேர்க்கடலையும் கரும்பும் வைக்கிற குடும்பம். பல வருஷங்களுக்கு முன்னால் அந்த அம்மாள் ஒரு பை வேர்க்கடலையோடு தம்பியைப் பார்க்க திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்கு வந்தார். அப்போது கூடத்தில் இவருடைய மேலதிகாரி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். யார் இந்த அம்மா என்று அதிகாரி விசாரிக்க, கடலை கொண்டுவந்து கொடுக்கிற அம்மா என்று சொல்லி, பின்பக்கமாகப் போகும்படி கையைக் காட்டினார் சகாதேவன். எல்லம்மாள் பின்பக்கம் போனார். பையை என் அக்காவிடம் கொடுத்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இவரும் போகவில்லை. அக்கா மட்டும் நல்லது கெட்டதுக்கு, கணவரிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தாள்.

போன ஆனி மாதம் எல்லம்மாள் இறந்துபோனார். மகன் இளவரசன் காலையில் போன் செய்து, வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிடுவோம், மாமா கட்டாயம் வரணும் என்றான். செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போக வேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுபோகும் அந்தப் புதுப் புடவையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். அக்கா அழுதுகொண்டே கடைக்குப் போய்ப் புடவை எடுத்தாள். நான் மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். சகாதேவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, காரில் உட்கார்ந்து டேப்லெட்டில் ஊர் பெயரைத் தட்டினார். திரையில் இரண்டு ஆலப்பட்டு வந்தது. பின்சீட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, டேம் ரோட்டில் இருப்பதுதான் நம்முடையது என்றாள்.

"உனக்கு மேப் பாக்கத் தெரியுமா?" என்றார் அவர். முதலில் இருந்ததை அழுத்தினார்.

தண்டராம்பட்டு தாண்டும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு கூட்டு ரோட்டில் இங்கிலீஷ்காரி இடது பக்கம் திரும்பச் சொன்னாள். சாத்தனூர் அணைக்குப் போகும் பஸ் ரோடு நேராகப் போகிறது. நேராகப் போங்க என்று அக்கா சொன்னாள். அவர் இடது பக்கம் திருப்பினார். நான், டீக்கடையில் ஆள் இருக்காங்க, ஒரு வார்த்தை கேட்டுடலாம் மாமா என்றேன். சாட்டிலைட்டுக்குத் தெரியாதது டீக்கடைக்காரனுக்குத் தெரியுமா என்று அவர் என்னிடம் கேட்டார்.

அக்கா அவர் தோளைத் தொட்டாள். "ஏங்க, வண்டிய நிறுத்துங்க. நான் எறங்கிக்கிறேன்."

அவர் நிறுத்தியது அவள் பயந்து பேச்சை விட்டுவிடுவாள் என்று நினைத்துத்தான். அவள் கதவைத் திறந்து, புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். "நீ அவரு கூட இருடா முருகவேலு, தனியா விட்டா எங்கனா போயிடுவாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கூட்டு ரோட்டுக்கு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் டேம் பக்கம் போகிற மினி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தோம். அவர் அதே ரோட்டில் வண்டியை எடுத்தார். நானும் இறங்கிப் போயிருக்கலாம். அவள் சொன்னதற்காக உட்கார்ந்திருந்தேன்.

ரோடு குறுகிக்கொண்டே போனது. கரும்புத் தோகை இரண்டு பக்கமும் காரை உரசியது. கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், "யூ ஹேவ் அரைவ்ட்" என்று இங்கிலீஷ்காரி அறிவித்தாள். அது ஆலப்பட்டுதான். பலகையில் எழுதியிருந்தது. ஆனால் மேளச் சத்தம் இல்லை, பந்தல் இல்லை, சாவுக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. குடத்தோடு நின்ற பெண்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவர் இறங்கவில்லை. சாவு வீட்டைத் தேடி அந்தச் சின்ன ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதே பெண்களை மறுபடியும் மறுபடியும் கடந்து போனோம். அவர்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகு நான் கதவைத் திறந்து இறங்கிப் போய்க் கேட்டேன்.

"இது இல்லீங்க. நீங்க டேம் ரோட்டு ஆலப்பட்டுக்குப் போவணும். வந்த வழியே கூட்டு ரோட்டுக்குப் போயிடுங்க" என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். காரில் வந்து ஏறியதும், "யார் உன்னக் கேக்கச் சொன்னது?" என்றார் அவர். டேப்லெட்டில் சிக்னல் போய், ஒரு வட்டம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அது மறுபடி வரட்டும் என்று காத்திருந்தார். அங்கே ஒரு பிணம் காத்திருக்கிறது, இங்கே இவர் சிக்னலுக்குக் காத்திருக்கிறார். நான் சத்தம் போட்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் சாமந்திப் பூ இறைந்து கிடந்தது. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்கா சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. தம்பி வந்துவிடுவார் என்று அவர்கள் ரொம்ப நேரம் பார்த்தார்களாம். பெரியவர்கள் இருட்டுவதற்குள் எடுக்கணும் என்று சொல்ல, அக்காவே கோடியைப் பிரித்துப் போர்த்தினாளாம்.

இளவரசன் ஈர வேட்டியோடு வந்து, "வாங்க மாமா" என்றான். சகாதேவன் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். போடுவதற்கு ஆள் இல்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை. இப்போதாவது அழுவார் என்று நினைத்தேன். என்ன இருந்தாலும் தூக்கி வளர்த்த அக்கா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க ஊரு மேப்புலயே சரியா இல்லப்பா. நீங்கள்லாம் சொல்லிச் சரி பண்ண மாட்டீங்களா?"

தாயைக் கொளுத்திவிட்டு வந்தவன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் உடம்பு கூசியது. திரும்பி வரும்போதும் டேப்லெட்டில் வீடு என்று தட்டித்தான் வண்டியை எடுத்தார். ஒரே ரோடு. இருட்டிலும் மலை தூரத்திலிருந்தே எதிரில் தெரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவர் மேப்பில் இருந்த தவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புகார் அனுப்பினார். தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, அது பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் போகவில்லை. முதுகு வலி என்றார். அக்கா முதல் நாளே பஸ் ஏறி ஆலப்பட்டுக்குப் போய், எல்லாம் முடிந்து, இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். நான்தான் அவளைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரப் போனேன். மாமா ஏன் வரவில்லை என்று அங்கே எல்லோரும் கேட்டிருப்பார்களே, என்ன சொல்லிச் சமாளித்தாய் என்று விசாரித்தேன்.

அக்கா பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"யாரும் கேக்கலடா" என்றாள்.