நடு அச்சுக்குப் போட்ட கிரீஸ்

திருச்செல்வத்துக்குக் கதை கட்டத் தெரியாது. தம்பின் பட்டணத்துக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றில் பதினெட்டு வருஷமாகப் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவர். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது. நடந்ததற்கு அத்தாட்சியாக ஓர் இரும்புத் துண்டு இன்றைக்கும் அவர் வீட்டில் இருக்கிறது.

அந்த வண்டிக்கு அடியில் மூன்று கத்திகள். அவை சுழல மூன்று அச்சுகள். ஒவ்வோர் அச்சிலும் கிரீஸ் ஏற்றுவதற்கு மிளகளவு ஒரு குமிழ் இருக்கும். பட்டறைக்காரர்கள் அதை நிப்பிள் என்பார்கள். ஓரத்து இரண்டும் சுலபம். நடு அச்சின் நிப்பிள் மட்டும் இருக்கைக்குக் கீழே, தகடுகளுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. திருச்செல்வத்தின் கை மணிக்கட்டோடு நின்றுவிடும். அவர் மனைவி ரதியின் கை முழங்கை வரை போகும்.

ரதிக்குச் செம்பனை நாற்றங்காலில் வேலை. வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு வண்டிக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்து, கிரீஸ் கன்னின் ரப்பர் குழாயை உள்ளே கொண்டுபோய் நிப்பிளில் மாட்டுவாள். க்ளிக். வெளியே உட்கார்ந்து இவர் பிடியை அமுக்குவார். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு கேட்காது. அதனால் விரல் முட்டியால் தகட்டைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் அமுக்கவேண்டும். இரண்டு தட்டு என்றால் போதும்.

"இந்தக் கைய வெச்சிக்கிட்டு எப்படிங்க தாலி முடிச்சு போட்டீங்க?" என்று கேலி செய்வாள்.

"அதான் மிச்ச ரெண்டு முடிச்ச அக்காகிட்ட விட்டேன்ல" என்பார் இவர். எத்தனை வியாழன் கேட்டாலும் அவளுக்கு அதற்குச் சிரிப்பு வரும்.

எல்லா நிப்பிளுக்கும் பக்கத்தில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தாள், இவர் ஒன்றை விட்டுவிடக் கூடாது என்று. நடு அச்சிலும் தடவிப் பார்த்தே வைத்துவிட்டதாகச் சொன்னாள். அதை இவர் பார்த்ததில்லை.

மே மாதம் அவளுக்கு டெங்கி வந்தது. ஆறே நாள்.

காரியமெல்லாம் முடித்து மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பியபோது, திருச்செல்வம் யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். புதுக் கிரீஸ் ஏற்றினால் பழையது பிதுங்கி வெளியே வந்துவிடும். நடு அச்சுக்குள் இருப்பது ரதி கடைசியாகப் போட்டது. அதை வெளியே தள்ள அவருக்கு மனம் வரவில்லை. மற்ற இடங்களுக்கெல்லாம் கிரீஸ் போட்டார். நடு அச்சின் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. ஜூனில் ஸ்டோரில் இருந்த சிவப்புக் கிரீஸ் தீர்ந்து நீலக் கிரீஸ் வந்தது. அதற்கப்புறம் இன்னும் பிடிவாதமானார்.

அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை, தமிழ்ப்பள்ளித் திடலில் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

கீ...ய்ங்.

காய்ந்த இரும்பின் முனகல். இப்படியே விட்டால் அச்சு இறுகி உடையும். உடைந்தால் கழற்றி எறிந்துவிடுவார்கள், அவள் போட்ட கிரீஸோடு சேர்த்து. கிரீஸ் போட்டாலோ, தன் கையாலேயே அதை வெளியே தள்ளவேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது போகப்போகிறது.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ரவிச்சந்திரனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவர் வண்டியோடு கூடவே நடந்து பார்த்தார். திருச்செல்வத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு ஒன்னும் கேக்கலையே அண்ணே. நீங்க ரெண்டு நாளு லீவு எடுங்க லா."

அடுத்த வியாழன் இன்னொன்று. இஞ்சினை அணைத்தார். கத்திகள் நின்றன. சத்தம் நிற்கவில்லை. அதுவும் வண்டிக்கு அடியிலிருந்து வரவில்லை. எங்கோ தூரத்திலிருந்து... தம்பின் சாலைப் பக்கமிருந்து வருவதுபோல் இருந்தது.

மூன்றாவது வியாழன். மணி 4.05. மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் அவர் மட்டும். வண்டிச் சாவி சட்டைப் பையில்.

கீ...ய்ங். கீ...ய்ங்.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் இருந்தது. அவரால் தாங்க முடியவில்லை. சாக்கை விரித்தார். கிரீஸ் கன்னை எடுத்தார்.

"உன்னோடத வெளிய தள்ளப் போறேன்" என்றார் மெதுவாக. "கோவிச்சிக்காத."

4.11. குழாயைப் பிடித்தபடி கையை உள்ளே விட்டார். தோல் உரசியது. கை மணிக்கட்டோடு நின்றது. குழாயின் முனை வெறும் காற்றில் ஆடியது.

அப்புறம்... குழாய் இழுபட்டது.

வெடுக்கென்று இல்லை. தெரிந்தவர்கள் கையிலிருந்து வாங்குவதுபோல.

க்ளிக்.

இன்னொரு கையால் பிடியைப் பற்றினார்.

டொக்.

அமுக்கினார்.

டொக்.

அமுக்கினார். மணிக்கட்டில் ஏதோ பட்டது. வளையல் மாதிரி... சில்லென்று.

டொக்.

பதினொரு தடவை.

உள்ளே விரிந்திருந்த அவர் உள்ளங்கையில், மெத்தென்று ஏதோ விழுந்தது.

டொக். டொக்.

போதும்.

கையை வெளியே இழுத்தார். உள்ளங்கையில் சிவப்புக் கிரீஸ். முனகல் நின்றிருந்தது. மணி 4.19.

விரலை மூடிக்கொண்டு, மழை விடும்வரை அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கிரீஸை ஒரு சின்னப் புட்டியில் வழித்து வைத்தார்.

திங்கட்கிழமை கத்திக்குப் பெல்ட் வாங்கத் தம்பினுக்குப் போனார். பட்டறை வைத்திருக்கும் தேவதாஸ் பல வருஷப் பழக்கம். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நடு அச்சு சத்தம் போட்டது, கிரீஸ் போட்டதும் நின்றுவிட்டது என்றார் திருச்செல்வம்.

தேவதாஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நடு அச்சுக்கா? அதுல நிப்பிளே கெடையாதே அண்ணே."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. திருச்செல்வம் லீவில் இருந்தபோது, மாற்றாக ஓட்டியவர் ஒரு மரக்கட்டையில் ஏற்றி நடு அச்சை வண்டியோடு பூட்டும் காதை உடைத்துவிட்டார். ரவிச்சந்திரன் வண்டியை ஓசைப்படாமல் இங்கே கொண்டுவந்து மாற்றியிருக்கிறார். புதிது, மூடி அடைத்த ரகம். கிரீஸ் போடவே வேண்டாம். போடுவதற்கு ஓட்டையும் இல்லை. துக்கத்தில் இருக்கிற மனுஷனிடம் இதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டார்களாம்.

"பழசு எங்க?"

பட்டறைக்குப் பின்னால் பழைய இரும்பு போடும் பீப்பாய். கூரையில்லாத இடம். தேவதாஸ் மேலே கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அடியில், ஐந்து மாத மழைத் தண்ணீரில், அது கிடந்தது. ஒரு காது உடைந்திருந்தது. முழுக்கத் துரு. நிப்பிளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு.

அந்தப் பொட்டை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

அச்சின் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் பிதுங்கி நின்றது. புதுசு. ஒரு தூசி ஒட்டவில்லை.

நீலம்.

தேவதாஸ் அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "எங்க பட்டறையில நீலக் கிரீஸே வாங்கினதில்ல அண்ணே" என்றார்.

திருச்செல்வம் ஒரு விரலால் அச்சைச் சுற்றினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. பீப்பாய்ப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கயா கெடந்த?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இரும்பு இப்போது ரதியின் படத்துக்குக் கீழே இருக்கிறது. வியாழக்கிழமை நாலு மணிக்கு அதைத் துடைத்து வைக்கிறார். கிரீஸ் கன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தட்டு கேட்டால் போதும், போட்டுவிடுவார்.

இதுவரை கேட்கவில்லை.