பத்து நிமிட இருட்டு

அண்ணனும் நானும் சேர்ந்து டிஜே வேலை செய்கிறோம். அவன் எலெக்ட்ரானிக் இசை அமைத்து மேடையில் வாசிப்பான். நான் அதற்கேற்ற காட்சிகளைப் ப்ரொஜெக்டர் வழியாகச் சுவரில் ஓடவிடுவேன். சென்னையிலும் கொச்சியிலும் கலைக்கூடங்களுக்குப் போயிருக்கிறோம். அங்கே வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, வலியை மறைப்பவர்கள்போல முகம் வைத்துப் பார்ப்பார்கள். ஊரில் யாராவது கேட்டால் அப்பா, "ரெண்டும் கம்ப்யூட்டர்ல இருக்குதுவ" என்று முடித்துவிடுவார்.

போன வருடம் அப்பாவின் சித்தப்பா மகன் தோஹாவில் அண்ணனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்தார். ஏ.சி. கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அண்ணன் மாட்டேன் என்றான். வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அப்பா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"அறுப்பின் பண்டிகைக்கு நம்ம சபையில செஞ்சு காட்டு. நாலுபேரு நல்லாயிருக்குன்னு சொன்னா நான் விசா பேச்ச எடுக்கமாட்டேன். சொல்லல்லன்னா நீ வாய தொறக்கப்பிடாது."

அண்ணன் சரி என்றான். நான் ஆகவேண்டிய காரியங்களுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தேன். அவன் போய்விட்டால் என் காட்சிகள் எல்லாம் ஊமைப்படம்.

சர்ச்சை எங்கள் ஊரில் கோயில் என்போம். கோயில் கமிட்டி மாலை ஆராதனைக்கும் ஏலத்துக்கும் நடுவில் பத்து நிமிடம் தந்தது. அன்றைக்கு எல்லா வீட்டிலிருந்தும் வாழைக்குலை, பலாச்சக்கை, தேங்காய், கோழி என்று காணிக்கை வரும். முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். கோயிலின் முகப்புச் சுவர் வெள்ளை, நல்ல அகலம். இதைவிட நல்ல திரை எந்தக் கலைக்கூடத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. தேவைப்பட்டது இருட்டு மட்டும். இருட்டுக்குக் கமிட்டியில் மூன்று ஆட்சேபணைகள் வந்தன. கோழி காணாமல் போகும். பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் நிற்பார்கள். இருட்டு பிசாசினுடையது. முதல் இரண்டுக்கும் ஆள் நிறுத்தலாம் என்றேன். மூன்றாவதற்குத் தொழில்நுட்பத் தீர்வு என்னிடம் இல்லை. அதைப் போதகர் பார்த்துக்கொண்டார்.

அடுத்த சிக்கல் ட்யூப்லைட்டுகள். முற்றத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கொடுத்தது. ட்யூபைத் தாங்கும் பட்டியில் சிவப்பு மையில் இன்னார் நினைவாக என்று எழுதியிருக்கும். லைட்டை அணைப்பது அந்தப் பெயரை அணைப்பதுபோல. கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

ஜவுளிக்கடை மாமி கதவைப் பாதி திறந்தபடி கேட்டார். "எங்க வீட்டு ஆளு பேருல உள்ள லைட்ட அணைக்கவா ஏட்டி வந்து நிக்க?"

"பத்து நிமிஷம்தான் மாமி."

"பக்கத்துல எங்க கொழுந்தன் குடுத்தது உண்டே, அது?"

"அதையும் அணைப்போம்."

"அப்ப முதல்ல அத அணை. பொறவு எங்களது."

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில். எல்லோருக்கும் அப்படியே வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது: மெயின் சுவிட்சை இறக்கி எல்லாவற்றையும் ஒரே நொடியில் அணைப்பது. ப்ரொஜெக்டருக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து தனி வயர் இழுத்தேன்.

கடைசியாக, லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பொறுப்பான அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, ஏழு மணிக்கு கரண்ட் போவும், கேட்டியளா."

"நீ கவலப்படாத மக்கா. நான் பாத்துக்கிடுகேன்."

பட்டியலில் அவர் பெயருக்கு நேரே டிக் போட்டேன்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளின் அடியில் நின்று பல மாதங்களாக அண்ணன் பதிவு செய்த சத்தம்தான் அன்றைய இசை. இறக்கைகளின் நிழல் தோட்டங்களையும் ஆட்டு மந்தைகளையும் தாண்டிப் போவது என் காட்சி. ஏழு மணிக்கு மெயினை இறக்கினேன். முற்றம் இருண்டது. சுவரின் இடது ஓரத்தில் முதல் நிழல் எழுந்தது. நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க வழியில்லை. உடனே முற்றத்து ஓர ஷெட்டுக்குள் ஜெனரேட்டர் இருமி, எல்லாப் பெயர்களும் ஒன்றாக எரிந்தன. கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சி வெளியே வந்து கையைத் தூக்கி அதை ஏற்றுக்கொண்டார்.

ஓடிப்போய், "அணைங்க அண்ணாச்சி" என்றேன்.

"எதுக்கு? டீசல் நெறய கெடக்கு மக்கா."

அண்ணன் நிறுத்தவில்லை. காற்றாலை சுற்றும் சத்தம் முற்றத்தை நிறைத்தது. சனம் வெறும் வெள்ளைச் சுவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா முன்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் வராததால் நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்த ஏலம் விடும் சபை மூப்பர் மைக்கை எடுத்து ஒரு சக்கையைத் தூக்கிக் காட்டினார். அந்த மைக்கும் அண்ணனின் சவுண்ட் மிக்சர் வழியாகத்தான் போகிறது. அவன் அதை மூடியிருக்கலாம். கூட்டி வைத்தான்.

"ஒரு தரம்" என்றார் மூப்பர். காற்றாலையின் வீச்சோடு சேர்ந்து அது நாலு தடவை திரும்பி வந்தது. அவர் ஸ்பீக்கரை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளம் வரும்வரை காத்திருந்து "ரெண்டு தரம்" என்றார். அவருக்குப் பிடித்துவிட்டது. அந்தத் தாளத்துக்குள் யோசிக்க இடமில்லாததால் ஆட்கள் யோசிக்காமலே விலையை ஏற்றிக் கேட்டார்கள். ஒரே கோழிக்கு ஒரு மச்சானும் மச்சினனும் மோதினார்கள். கோழியின் குரலையும் அண்ணன் உள்ளே சேர்த்துக்கொண்டான். கமிட்டிப் பொருளாளர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நாலு பேருக்கும் மேலாகவே அப்பாவிடம் வந்து நல்லாயிருக்கு என்றார்கள். ஜவுளிக்கடை மாமி மட்டும் என்னைத் தேடி வந்தார்.

"சுவரு நல்ல வெளிச்சமா தெரிஞ்சுது ஏட்டி. எங்க லைட்டாக்கும்."

மறுநாள் காலையில் நாங்கள் தோசை தின்றுகொண்டிருந்தபோது அப்பா தோஹாவுக்குப் போன் போட்டார்.

"இல்ல, அவன் வரல்ல. இங்கயே வேலை ஆயிட்டு."

என்ன வேலை என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அப்பா அண்ணனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சபையில ஏலம் போடும்ப பின்னால ஒரு சத்தம் வேணும்லா? அதாக்கும்."

மறுபடியும் ஏதோ கேள்வி. இந்த முறை என்னைப் பார்த்தார்.

"அவளா? அவ கரண்ட அணைப்பா."