ஜிம்மி கட்சி மாறிய திருவிழா

எங்கள் நாய்க்குட்டி ஜிம்மியை அடிக்காமல் பழக்குவது என்று முடிவெடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருந்த காலம் என்பதால், போனில் நாய் பழக்கும் வீடியோக்கள் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. அதுவரை அரியாலையில் எங்கள் குறுகலான ஒழுங்கை வீடுகளில் நாய் பழக்குவது என்றால் பூவரசந்தடிதான். மாமா அந்தத் தடியை முறித்து அடுப்பில் வைத்தார்.

"சொன்னதைச் செய்தா ஒரு துண்டு குடுக்கோணும். செய்யாட்டி வாயைப் பொத்திக்கொண்டு இருக்கோணும். அவ்வளவுதான்" என்றார்.

வாயைப் பொத்துவது நாய்க்கா அவருக்கா கஷ்டம் என்று அம்மா கேட்டார்.

துண்டு என்பது நெத்தலிக் கருவாடு. அப்பா கடலுக்குப் போகிறவர், வீட்டில் அதற்குக் குறைவில்லை. கொஞ்ச நாளிலேயே ஜிம்மி 'இரு' என்றால் குந்தியிருந்தது, 'வா' என்றால் வந்தது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த பழமொழியை அப்பா ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். நான் கூப்பிட்டு ஜிம்மி ஓடிவரும்போது எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. வீட்டில் என் சொல் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

மாமா எல்லாவற்றையும் யோசித்தார், கோயிலை யோசிக்கவில்லை. அம்மனுக்குக் கொடியேறினால், தேர் முடிந்து தீர்த்தம் ஆடும்வரை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. கடற்றொழில் வீடென்றாலும் அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அம்மா வீடு கழுவி, மீன் காய்ச்சும் சட்டிகளை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கக் கொட்டிலில் கவிழ்த்தார். கருவாட்டுப் போத்தலும் அவற்றோடு போனது. மறுநாள் மாமா 'இரு' என்றார். ஜிம்மி இருந்தது. மாமா பருப்பு வடையில் ஒரு துண்டு நீட்டினார். ஜிம்மி அதை முகர்ந்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அவித்த மரவள்ளிக்கும் அதே மரியாதைதான்.

ஒழுங்கை திரும்பும் முடக்கில் ஓர் அன்ரி தனியாக இருந்தார். அவர் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவர், எங்கள் கொடி அவரைக் கட்டுப்படுத்தாது. மத்தியானத்தில் அவர் வீட்டு மீன்குழம்பு ஒழுங்கை முழுவதும் மணக்கும். ஜிம்மி கட்சி மாறியது. அவர் வீட்டில் தின்றது, அவர் விறாந்தையிலேயே படுத்தது. நான் போய் 'வா' என்றால் மரியாதைக்கு வாலை ஆட்டும், எழும்பாது.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ட வீட்டிலை திண்டு படுக்கிறது எங்கடை நாயே? அளவெட்டியிலை ஒருத்தர் குட்டி கேட்டவர். தேரண்டைக்கும் உது அங்கை கிடந்தா, பிடிச்சுக் குடுத்துவிடுவம்."

அளவெட்டி எனக்கு அப்போது லண்டனுக்குப் பக்கத்தில் இருந்தது. அழுதுகொண்டே ஓடி, அன்ரி வீட்டு வாசல் படலையில் நின்று, உங்களால்தான் எங்கள் நாய் போகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்ரி முழுவதையும் கேட்டார். ஜிம்மியின் தலை அவர் காலடியில் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவருடைய அட்டகாசம் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். அதுவரை விறாந்தையில் சோறு வைத்தவர், இப்போது மீன்தலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து தன் வேலியடியில் வைத்துக் கொடுத்தார். பிறகு லைற் போஸ்ட்டடியில். பிறகு எங்கள் மதில் தொடங்கும் இடத்தில். கடைசியில் எங்கள் படலைக்கே வந்துவிட்டார். ஜிம்மி தலையைப் படலைக்குள் நுழைத்தால்தான் துண்டு, அதையும் எங்கள் முற்றத்துக்குள் எறிந்தார். அம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

"என்னக்கா, கொடியேறின வீட்டுக்குள்ளை மீனை எறியிறியள்?"

"இன்னும் கொஞ்ச நாள்தான் தங்கச்சி. பொறுத்துக்கொள்ளும்" என்றார் அன்ரி.

எங்கள் வாசலில் நின்றே எங்கள் நாயை மயக்குகிற துணிச்சலை நினைத்து எனக்குக் கோபம் ஆறவில்லை.

தேரன்று காலை நம்பிக்கையில்லாமல் முற்றத்தில் நின்று கூப்பிட்டேன். ஜிம்மி படலைக்குள்ளால் ஓடிவந்து என் முன்னால் இருந்தது. என் கையில் ஒன்றுமில்லை. இருந்தும் போகவில்லை. அளவெட்டிக்காரருக்கு வேறு குட்டி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அப்பா வேட்டி மாற்றப் போனார். மாமா "நான் சொன்னன்தானே, பொறுமை வேணுமெண்டு" என்றார்.

நான் நேரே அன்ரியிடம் போனேன். "ஜிம்மி எங்களிட்டை வந்திட்டுது."

"ஓம் பிள்ளை, கண்டனான். இனி உங்கடை வீட்டிலைதான் நிக்கும்" என்றார். தோற்றவர் அப்படித்தான் சொல்வார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நானும் ஒரு நாய் வளர்க்கிறேன். அதை அதன் பாயில் போய்ப் படுக்கப் பழக்கியபோது ஒன்று தெரிந்தது: நாய் எங்கே போகவேண்டுமோ, அங்கே வைத்துத்தான் துண்டைக் கொடுக்கவேண்டும். அன்ரி ஜிம்மியை எங்களிடமிருந்து இழுக்கவில்லை. தன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எங்கள் முற்றத்தில் விட்டிருக்கிறார்.

அந்தத் திருவிழாவின் தீர்த்தத்தன்று மத்தியானம் ஜிம்மி ஒருதரம் முடக்குவரை ஓடியது. நானும் பின்னால் ஓடினேன். பகலில் திறந்தே கிடக்கும் அன்ரியின் படலை சாத்தியிருந்தது. உள்ளே சோற்றுக் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. ஜிம்மி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என்னோடு திரும்பி வந்தது. வெயிலுக்காக்கும் சாத்தியிருக்கிறார் என்று நினைத்தேன்.