நான் ‘கட்’ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை

குறும்படம் எடுக்கக் கிளம்பும் தம்பி, தங்கைகளுக்கு லென்ஸ் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் முதல் படத்தில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

1. கல்யாண வீடியோ புத்தி

திருவண்ணாமலையில் பதினெட்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எங்கள் தொழிலில் கேமராமேன் இருப்பதே தெரியக் கூடாது. பெண்ணின் அப்பா தூண் மறைவில் கண்ணைத் துடைப்பதை அவருக்கே தெரியாமல் எடுப்பவன்தான் கெட்டிக்காரன். அந்தத் திமிரோடு குறும்படத்துக்கும் போனேன்.

கதை சின்னது. கிரிவலக் கூட்டத்தில் ஒருவன் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறான். அது திமிறி அழுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜனங்களுக்கு அக்கறை செத்துவிட்டது என்று காட்டுவது என் உத்தேசம்.

ஜெராக்ஸ் கடை முரளி நடித்தான். குழந்தை அவனுடைய அக்கா மகள் யாழினி, ஐந்து வயது. “நான் வந்து கட் சொல்ற வரைக்கும் இவரு உன் மாமான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா படம் கெட்டுடும்” என்று நானே பாடம் எடுத்தேன். தலையாட்டினாள்.

2. மாடியில் நான்

பௌர்ணமி, சாயங்காலம் நாலு மணி, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை. தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் டெலி லென்ஸைப் போட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கேமராவைப் பார்ப்பார்களே. போனில் “ஆக்‌ஷன்” என்றேன்.

முரளி இருபதடி நடந்திருப்பான். ஒரு பெண் வழி மறித்தாள். ரியாக்‌ஷன் பிரமாதம் என்று நினைத்தேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருவன் முரளியின் சட்டையைப் பிடித்தான். முரளியின் போன் கீழே விழுந்தது. முதல் அடி விழுந்ததை லென்ஸில் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

“கட், கட்” என்று கத்தினேன். கீழே அன்னதானப் பந்தலில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முரளியைக் கொன்றுவிடுவார்கள் என்ற ஒரே எண்ணம்தான்.

3. கூட்டத்துக்குள்

நான் போய்ச் சேர்ந்தபோது முரளியின் உதடு கிழிந்திருந்தது. “என் அக்கா பொண்ணுங்க, சத்தியமா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அங்கே அவித்த மல்லாட்டை விற்கும் அக்கா யாழினியை இடுப்பில் வைத்திருந்தார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

“பாப்பா, இவன் யாரு?” என்று ஒருவர் கேட்டார்.

யாழினி முரளியின் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். “தெரியாது” என்றாள்.

“சினிமாங்க, ஷூட்டிங்குங்க” என்று உள்ளே பாய்ந்தேன்.

“கேமரா எங்க?”

கையில் ஒன்றுமில்லை. “இவனும் கூட்டுதான்டா” என்று பின்னாலிருந்து ஒருவன் என் பிடரியில் போட்டான். அப்போதுதான் உறைத்தது. “யாழினி, கட். கட் சொல்லிட்டேன்டா” என்றேன்.

“மாமா” என்று வீறிட்டுக்கொண்டு முரளியை நோக்கிக் கையை நீட்டினாள். ஓங்கிய கைகள் இறங்கின. ஆனால் மல்லாட்டை அக்கா மட்டும் பிடியை விடவில்லை.

“மொதல்ல தெரியாதுன்னுச்சு, இப்ப மாமான்னுது. இவ அம்மா வரட்டும். அதுவரைக்கும் யாரும் அவன் மேல கை வைக்காதீங்க. புள்ளயையும் நான் தரமாட்டேன்.”

அரை மணி நேரம் அவர் கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. குடிக்கக் கொடுத்த தண்ணீரில் முரளி வாயிலிருந்த ரத்தத்தைக் கழுவினான். வேங்கிக்காலிலிருந்து அவனுடைய அக்கா ஸ்கூட்டியில் வந்து மகளை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, “மாமாவ தெரியாதுன்னு சொல்லவா அண்ணா சொல்லிக் குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

4. அதற்குப் பிறகு

அந்தப் படத்தை முடிக்கவில்லை. முரளிக்கு நான்கு தையல் போட்டார்கள். என் கதையே தப்பு என்று அந்தச் சாலை எனக்கு அடித்துச் சொல்லியிருந்தது. யோசித்துப் பார்த்தால், அன்று அங்கே நிதானத்தோடு இருந்தவர் அந்த அக்கா ஒருவர்தான். அவர் அடிக்கவும் இல்லை, எங்கள் பேச்சை நம்பவும் இல்லை.

ஆகவே தம்பிகளே, பொது இடத்தில் எடுத்தால் கேமராவை நாலு பேர் பார்க்கும்படி வையுங்கள். சுற்றியிருக்கும் கடைகளில் ஏறிச் சொல்லிவிட்டு வாருங்கள். குழந்தைக்கு எந்தப் பொய்யையும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அடுத்த படத்துக்கு அதே சாலைக்குப் போனபோது முதலில் அந்த அக்காவிடம்தான் போய் நின்றேன். இன்ன காட்சி, இன்ன நேரம் என்று எல்லாம் சொன்னேன்.

“சரி, எடுத்துக்கோ. ஆனா ஒரு புள்ள அழுற சத்தம் கேட்டா, நடிப்பா நெஜமான்னு கேட்டுக்கினு நிக்கமாட்டேன். வந்துடுவேன்.”

“வந்துடுங்கக்கா” என்றேன்.